துப்பாக்கிக் கட்டையா, பிடங்கா, பாத்தியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் ஒரே ஒரு சொல்லைக் கேட்டேன்: துப்பாக்கியின் குழலையும் இரும்பையும் தாங்கும் மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று. வந்த மறுமொழிகளைப் படித்தால், நான் கேட்டதே இரண்டு பொருள்களுக்கான சொல் என்று தெரிகிறது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். பொறுத்தருள்க.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் மரக்கடை வைத்திருப்பவன். என் அக்கா மகன் கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வேலை பார்க்கிறான். அங்குள்ள சட்டப்படி உரிமம் பெற்று, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவன். போன பருவத்தின் கடைசியில் பனிக்கட்டியில் வழுக்கித் துப்பாக்கியின் மேலேயே விழுந்தான். அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று; துப்பாக்கியின் மரம் பிடிக்குப் பக்கத்தில் பிளந்துவிட்டது. குழலும் மற்ற இரும்பும் நன்றாக இருப்பதால் மரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று அங்குள்ள கடையில் சொல்லிவிட்டார்கள். “மாமா, மரம் உங்கள் சரக்கு, எதை வாங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று விற்பனைப் பக்கத்தை எனக்கு அனுப்பிவைத்தான்.

அந்தப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கியின் மரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டாக் என்று பெயர். பங்குச் சந்தைப் பங்கும் கடைச் சரக்கின் இருப்பும் அதே சொல்தான். ஆகவே எனக்குக் கிடைத்த தமிழில் ‘அக்ரூட் பங்கு இருப்பில் உள்ளது’ என்று ஒரு வரி இருந்தது. பணம் போடலாமா என்று யோசித்தேன்.

வேடிக்கை அத்தோடு நிற்கவில்லை. மருமகன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அங்கே போய்த் தங்கியிருந்த என் அத்தானிடம் தொலைபேசியில், “மேசைமேல் கிடக்கும் பழைய கட்டையின் நீளத்தை அளந்து சொல்லுங்கள்” என்றேன். அவர் தச்சுக்கோலை வைத்தது போல நுனி முதல் நுனி வரை கவனமாக அளந்து 31 அங்குலம் என்றார். புதுக் கட்டை வாங்குவதற்கான படிவம் கேட்டதோ, விரலால் இழுக்கும் விசையிலிருந்து தோளில் படும் முனை வரையுள்ள தொலைவு. சாதாரணமாக வளர்ந்த ஆளுக்கு அது பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். 31 என்று எழுதி அனுப்பியிருந்தால் பனைமரத்தில் சாய்ந்துகொண்டுதான் சுட வேண்டியிருந்திருக்கும். அத்தான் மேல் பிழை இல்லை. முழுமைக்கும் பகுதிக்கும் நான் ஒரே சொல்லைச் சொன்னதுதான் பிழை.

இனி, வந்த முன்மொழிவுகளுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து ஐயா ‘பிடங்கு’ என்றார். ஈழத்து எழுத்தில் துப்பாக்கிப் பிடங்கால் அடித்தார்கள் என்று நாம் பலமுறை படித்திருக்கிறோம். ‘சோங்கு’ என்பதும் அங்கே வழங்குகிறது. அருமையான சொற்கள். ஆனால் அடிக்க உதவுவது எந்த முனை என்று பாருங்கள்: தோளில் அணையும் பின்முனை. கத்தி, கோடாலி ஆகியவற்றின் கூரில்லாத பின்புறத்துக்கும் பிடங்கு என்ற பெயர் உண்டு என்பதால், அந்தச் சொல் பின்பகுதியை விட்டு முன்னே நகர மறுக்கிறது. குழலுக்கு அடியில், இடது கை தாங்குமிடத்தைப் பிடங்கு என்று சொன்னால் காது ஒப்பவில்லை.

இந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் அன்று. நம் காவல்துறையினர் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் மரம் இரண்டு துண்டு: பின்துண்டு தனி, முன்துண்டு தனி. பின்துண்டு ஒரு நீண்ட திருகாணியால் நடு இரும்போடு முடுக்கப்பட்டிருக்கும். ஆளின் கைநீளத்துக்கு ஏற்ப அதை மட்டும் குட்டை, நெட்டை என வெவ்வேறு அளவில் செய்து மாட்டினார்கள். மருமகனுடையது ரெமிங்டன் 700, 1962இல் வெளிவந்த வகை. அதில் பின்முனை முதல் முன்முனை வரை ஒரே மரம். ஆக, முழுமைக்கு ஒரு பெயர், பின்பகுதிக்கு ஒரு பெயர், முன்பகுதிக்கு ஒரு பெயர் என மூன்று வேண்டும். பிடங்கைப் பின்பகுதிக்கே விட்டுவிடலாம். முன்பகுதி ‘முன்கட்டை’ ஆகட்டும். முழுமைக்குத்தான் வழக்கு.

‘கணை’ என்று எழுதிய நண்பர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். மம்பட்டிக் கணை, கோடாலிக் கணை என்று நாள்தோறும் சொல்கிறோம். கருவியின் இரும்பைத் தாங்கும் மரம் என்ற பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் கணை அம்பும் ஆயிற்றே. ஏவுகணையைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த பிள்ளையிடம் ‘துப்பாக்கிக் கணை’ என்றால் தோட்டாவைத்தான் நினைக்கும். இவ்வளவு நல்ல சொல்லை இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளுவது எனக்கு வருத்தமே. ‘தண்டு’ குழலோடு குழம்பும். ‘உடலம்’ எதற்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் பொருந்தாது.

மிஞ்சுவது ‘துப்பாக்கிக் கட்டை’. தமிழகத்தில் பேச்சிலும் செய்தியிலும் ஏற்கெனவே நடமாடும் சொல். இப்போது இழைக்கண்ணாடியிலும் நெகிழியிலும் அலுமினியத்திலும் செய்கிறார்களே, அவற்றை எப்படிக் கட்டை என்பது என்று சென்னை அம்மையார் கேட்டிருந்தார். எள்ளின் நெய்தான் எண்ணெய். எங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதோ தேங்காய் எண்ணெய். அதைப் பற்றி இதுவரை எந்தத் தேங்காயும் முறையிடவில்லை.

அடுத்து என் சொந்த முன்மொழிவு. சிறுவயதில் குழித்துறைப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவரிடம் உரிமத்தோடு ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பிடிக்குச் சற்று முன்னால், மரம் ஒல்லியாகும் இடத்தில், செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருப்பார். கை பட்டுப் பட்டு அந்தக் கம்பி மட்டும் பளபளவென்று இருக்கும். ஏன் என்று கேட்டால், “தோக்குக்க பாத்தி பொட்டிப்போச்சு மக்களே” என்பார். துப்பாக்கியின் கட்டை உடைந்துவிட்டது என்று பொருள். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் தமிழகத்தோடு சேர்ந்தோம். அதற்கு முன்பு திருவிதாங்கூர். எல்லையோரப் பேச்சில் தோக்கும் பாத்தியும் இருப்பதில் வியப்பில்லை. மலையாளத்தில் துப்பாக்கிக் கட்டைக்குப் பாத்தி என்றுதான் பெயர். (துப்பாக்கியே எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சி தந்து, எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள உதயகிரிக் கோட்டையில்தான் அடங்கியிருக்கிறார்.)

கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்திச் செல்லும் தகரப் பாத்தியை நினைத்துப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். துப்பாக்கிக் கட்டையின் உயிர் அதன் வெளிவளைவில் இல்லை. மேற்புறத்தில் குடைந்த பள்ளத்தில் இருக்கிறது. குழலும், தோட்டாவை ஏற்றி வெடிக்கவைக்கும் நடு இரும்பான இயங்குபகுதியும் அந்தப் பள்ளத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அசைந்தால் ஒவ்வொரு வெடிக்கும் குறி ஒவ்வோர் இடத்தில் விழும். ஆனால் அதே பள்ளத்தின் முன்பகுதியில் குழல் மரத்தைத் தொடவே கூடாது. ஒரு பணத்தாளைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் நுழைத்துப் பின்னோக்கி இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது அங்கே எல்லாரும் செய்யும் சோதனையாம். ஆகவே முழுக் கட்டைக்குப் பாத்தி என்று சொல்லாமல், அந்தக் குடைவுக்கு மட்டும் ‘பாத்தி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அகஸ்தீஸ்வரம் பக்கத்து அன்பர், பாத்தி என்றால் புத்தளத்து உப்புப் பாத்திதான் நினைவுக்கு வருகிறது என்று மறுத்தார். வரட்டுமே. இரு பக்கமும் கரை எழுப்பி நடுவில் ஒன்றைத் தாங்கி நிறுத்துவதுதானே அதுவும்.

படிவத்தின் மற்ற கேள்விகளுக்கு எளிய தமிழே போதுமானதாக இருந்தது. இயங்குபகுதி நீளமா குட்டையா என்பது முதல் கேள்வி, அவனுடையது .30-06 தோட்டாவுக்கானது என்பதால் நீளம், .308ஆக இருந்தால் குட்டை. தாழின் கைப்பிடி வலமா இடமா என்பது அடுத்தது. கதவின் தாழைப் போலவே தள்ளித் திருப்பிப் பூட்டுவதால் ‘தாழ்’ என்றே எழுதினேன், யாரும் மறுக்கவில்லை. தோட்டாக் கூட்டின் அடித்தட்டு கீல் வைத்துத் திறப்பதா, அடியே இல்லாமல் மரத்தால் மூடியதா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரே ரெமிங்டன் 700இல் இரு வகையும் உண்டு, ஒன்றின் கட்டை மற்றதற்குச் சேராது. கடைசியாகக் குழலின் பருமன். ஒல்லிக் குழலுக்கு வெட்டிய பாத்தியில் பருத்த குழல் இறங்காது.

எந்த மரம் என்ற கேள்விக்குத்தான் நான் நேரம் எடுத்துக்கொண்டேன். அக்ரூட் கையில் எடுத்தாலே மனம் மயங்கும் மரம். உளி சொன்னபடி கேட்கும், எண்ணெய் பூசினால் இழைகள் புகைபோல எழுந்து வரும். ஆனால் எந்த மரமும் ஈரம் குடித்தால் உப்பும், உலர்ந்தால் ஒடுங்கும். முன்கட்டை மயிரிழை வளைந்து குழலைத் தொட்டாலும் குறி மாறிவிடும். பழைய கட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பிடியருகே ஒல்லியாகும் கழுத்தில் இழை நீளவாட்டில் ஓடாமல் குறுக்கே சரிந்து வெளியேறியிருந்தது தெரிந்தது. மம்பட்டிக்குக் கணை போடும் ஆசாரிகூட அந்தத் துண்டைத் தொட்டிருக்க மாட்டார். கழுத்தில் இழை நேராக ஓடும் அக்ரூட்டைத் தொலைவிலிருந்து, ஒரு படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இயலாது. வார்ப்பு நெகிழி மலிவு, மழைக்கு அசையாது. ஆனால் விலை குறைந்தவற்றில் முன்கட்டை கைக்கு வளைகிறதாம். இழைக்கண்ணாடி நல்லது, விலைதான் கடிக்கிறது. மெல்லிய மரத்தகடுகளைப் பிசினால் அடுக்கி ஒட்டிய வகை ஒன்று உண்டு. கனம் கூடுதல் என்றாலும் திரும்பாது, வளையாது. பிளைவுட்டில் தகட்டுக்குத் தகடு இழை குறுக்கு மாறும். இதில் பெரும்பாலும் எல்லாத் தகட்டின் இழையும் நீளவாட்டிலேயே போவதால் கழுத்து வலுக்கிறது. முழுமரம் விற்றுப் பிழைக்கும் நான் அதையே வாங்கச் சொன்னேன். அதற்கு ‘அடுக்கொட்டு மரம்’ என்று பெயரிட்டிருக்கிறேன்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டையே இல்லாதபோது இந்தச் சொற்கள் யாருக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். குறிசுடும் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, நீதிமன்றத் தீர்ப்பைத் தமிழாக்குகிறவருக்கு, அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு. பழுதுபார்ப்பதற்கும் உரிமம் பெற்ற கடைதான் வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். அந்தக் கடைச் சீட்டையும் தமிழில் எழுதலாமே.

இன்னும் ஒரு சொல் மட்டும் தீராமல் நிற்கிறது: அத்தானை ஏமாற்றிய அந்த அளவு. ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘இழுப்பு நீளம்’ என்றால் ஆஸ்துமா மருந்துக்கடைக்குத்தான் வழி காட்டும். ‘தோளளவு’ என்றால் தையற்காரர் நாடாவோடு வந்துவிடுவார். தோளில் கட்டையை அணைத்தபின் விரல் விசையை எட்டும் தொலைவு அது என்பதால் ‘விசையெட்டம்’ என்று நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எட்டம் எங்கள் பேச்சிலும் உண்டு, ஈழத்திலும் உண்டு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

அத்தானிடம், “விசை இருந்த இடத்திலிருந்து பிடங்கின் முனை வரை” என்று சொல்லி மறுபடி அளக்க வைத்ததில் விசையெட்டம் 13½ அங்குலம் என்று வந்தது. தடித்த குளிரங்கி தோளில் அரை அங்குலத்தை விழுங்கிவிடும் என்று மருமகன் சொன்னதால், 13 என்று எழுதிப் படிவத்தை நேற்று அனுப்பிவிட்டோம்.

தக்கலையிலிருந்து,
மரக்கடைக்காரன்