முட்டத்துக் கடல் படத்தில் மட்டும் ஏன் இப்படி இரைகிறது?

முட்டத்துக்காரன்:
நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எடுக்கிற படங்களில் எல்லாக் கடலும் ஒரே மாதிரி இரைகிறது. முட்டத்தில் அலை பாறையில் மோதும். முதலில் ‘தொம்’ என்று ஒரு அடி, அப்புறம் பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும் சலசலப்பு. சங்குதுறை மணற்கரை, அங்கே சத்தம் நீளமாக இழுபடும். திரையில் பாறை, காதில் மணல்! நேரடி ஒலியில், அதாவது படம் பிடிக்கும்போதே அந்த இடத்துப் பேச்சையும் சத்தத்தையும் பதிந்து எடுத்தால், இந்தக் கூத்து இருக்காது. ‘விருமாண்டி’ 2004இலேயே அப்படி வந்ததுதானே?

ஒலிக்கூடத்தான்:
அது கடற்கரைக் கதை இல்லையே அண்ணே. மைக்கில் காற்று நேராக மோதினால் ‘புடுபுடு’தான் மிஞ்சும். ரோம உறை போட்டாலும் ஆடிக் காற்றை ஓரளவுதான் தடுக்கும். அதைவிடத் தலைவலி எடிட்டிங். ஒரே பேச்சில் ஒருவரைக் காலையிலும் மற்றவரைச் சாயங்காலமும் எடுப்பார்கள். ஒட்டிப் பார்த்தால் அவர் பேசும்போது கடல் பொங்கும், இவர் பேசும்போது அடங்கும். அதனால்தான் பேச்சைத் தனியாக டப்பிங் செய்து, கடலை அடியில் தனியாக விரிக்கிறோம்.

தோவாளைக்காரர்:
காற்று வீசியடிக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், நேரடி ஒலி ஆசையே போய்விடும்.

குலசேகரத்துக்காரி:
கடலை விடுங்கள். ரப்பர் தோட்டம் என்றாலே ஒரு குயில், கொஞ்சம் சில்வண்டு, அவ்வளவுதான். காய் முற்றும் காலத்தில் வெயில் ஏறினால் ரப்பர் காய் ‘டப்’ என்று வெடித்து, விதை தெறித்துச் சருகில் விழும். மழை விட்ட பிறகும் இலை சொட்டிக்கொண்டே இருக்கும். இதை எந்தப் படத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? பேச்சும் இதே கதிதான். கடற்புறம், நாஞ்சில் நாடு, விளவங்கோடு என்று மூன்று பக்கமும் ராகம் வேறு. படத்தில் எல்லோருக்கும் நெல்லைத் தமிழ், மேலே நாலு ‘கேட்டோ’.

ஒலிக்கூடத்தான்:
அக்கா, அதற்கு மருந்தே டப்பிங்தான். நடிகர் வெளியூர்க்காரர். நேரடியாகப் பதிந்தால் அவருடைய தப்பு உச்சரிப்புதான் பதியும். டப்பிங்கில் உங்கள் ஊர் ஆளை வைத்துப் பேச வைக்கலாம்.

முட்டத்துக்காரன்:
வைக்கலாம், வைக்கிறார்களா? சரி, வைத்தாலும் அந்த ஆள் ஏசி அறையில் நின்றல்லவா பேசுகிறார்? எங்கள் கரையில் பக்கத்தில் நிற்பவனிடமே கத்தித்தான் பேசுவோம். வள்ளத்தில் இருப்பவனைக் கூப்பிட்டால் கடைசி எழுத்து பாதிக் கடலுக்குப் போகும். படத்திலோ அலைக்கு முன்னால் நின்று ரகசியம் பேசுகிறார்கள். பேச்சை எங்கே வேண்டுமானாலும் பதியுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் அந்த இடத்துக் கடலையாவது இரண்டு நிமிடம் தனியாகப் பதியக் கூடாதா?

ஒலிக்கூடத்தான்:
நான் கேட்காமலா இருக்கிறேன்? படப்பிடிப்பு முடிந்தது, ‘பேக் அப்’ என்று சொன்னதும் ஜெனரேட்டர் வண்டி கிளம்பும், தட்டுகள் உருளும், நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்த இரண்டு நிமிட அமைதியைத் தயாரிப்பு மேனேஜரிடம் நீங்கள் வாங்கித் தாருங்கள், பார்க்கலாம்.