2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை: இங்கிலாந்தில் இனவெறிக் கலவரங்களை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கிய அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வால்தம்ஸ்டோவிலிருந்து (லண்டன்):

ஹோ ஸ்ட்ரீட் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் எனக்குப் பகுதிநேர வேலை. வடக்கே சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கொன்றவன் படகில் வந்த அகதி என்று முதல் நாளே பொய் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். மறுநாள் அங்கே பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அப்புறம் ஊர் ஊராகக் கலவரம்.

அந்த வாரம் குடிவரவு வழக்கறிஞர்களின் அலுவலக முகவரிகள், 7ஆம் தேதி தாக்க வேண்டிய இடங்கள் என்று, பட்டியலாகச் சுற்றின. எங்கள் பகுதியும் அதில் இருந்தது. ‘பட்டியல்’ என்று நான் சொன்னதும் முதலாளி அண்ணை கையிலிருந்த பால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். 83இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்களைக் கண்டவர். “தம்பி, கண்ணாடிக்குப் பலகை அடி” என்றார். மத்தியானம் தெரு முழுக்க ஆணி அடிக்கும் சத்தம்தான்.

நாலு மணிக்கு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்தார். சனிக்கிழமைகளில் ஸ்டேஷன் வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுப்பவர். வேலை இல்லாத மனுசி என்றுதான் நினைத்திருந்தேன். “இங்கே வேலை செய்பவர்கள் இன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போகிறார்கள்?” என்று கேட்டார். கையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. யார் எந்த பஸ், துணைக்கு யார் என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். இரண்டு நாளாகக் கதவு தட்டியிருக்கிறார். என் கையில் ஒரு வழக்கறிஞரின் நம்பரைப் பேனாவால் எழுதிவிட்டுத்தான் போனார்.

மாலையில் ஆயிரக்கணக்கில் சனம். “யாருடைய தெரு? எங்கள் தெரு!” அடிக்க வருவதாகச் சொன்னவர்களைக் காணோம். அண்ணை ஷட்டரைப் பாதி தூக்கி, தண்ணீர்ப் போத்தல்களை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். பைக்குப் பத்து பென்ஸ் விடாமல் வாங்குகிற மனிதர்!

லிவர்பூலிலிருந்து:

நான் நர்ஸ், சொந்த ஊர் திருநெல்வேலி. 3ஆம் தேதி இரவு வால்டனில் ஸ்பெல்லோ லேன் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். என் பையன் படப்புத்தகம் எடுக்கும் இடம். அதற்கு முந்தின நாள், அப்துல்லா குவில்லியம் பள்ளிவாசல் எதிரே கத்திக்கொண்டு நின்றவர்களுக்கு இமாம் ஆடம் கெல்விக் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார், கட்டிப்பிடித்தும் பேசினார். எனக்கு அந்த மனசு வராது, உண்மையைச் சொல்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது வார்டில் ஒட்டிய ஒரு தாள். இரவு ஷிப்ட் முடிந்தவர்களை யார் காரில் கொண்டுபோய் விடுவது என்ற அட்டவணை. கார் வைத்திருந்த துப்புரவுப் பணியாளர் அக்காதான் அதில் முதல் பெயர். 7ஆம் தேதிக் கூட்டங்களைப் பத்திரிகைகள் 8ஆம் தேதியே கொண்டாடி முடித்துவிட்டன. அந்தத் தாள் செப்டம்பர் வரை சுவரில் இருந்தது. நூலகத்துக்கு மக்கள் கொடுத்த பணம் 2 லட்சம் பவுண்டைத் தாண்டியது. டிசம்பரில் திறந்துவிட்டார்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து (லண்டன்):

நான் போகவில்லை. மகன் வால்தம்ஸ்டோ போகிறேன் என்றான். வீட்டுத் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். குசினி ஜன்னலால் இறங்கிப் போய்விட்டான். அடுத்த நாள் அந்தக் கூட்டத்தின் படம் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தேடினேன். எல்லாம் தலைதான். அவனோ பின்னால் நின்று, “அம்மா, நான் இதுக்கும் அங்கால, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில” என்கிறான்.