நாலு ஐ போட்ட மணிக்கூடு டூப்ளிகேட்டா?

கல்முனை நானா: ரோமன் எண் போட்ட சுவர் மணிக்கூட்டில நாலுக்கு ‘ஐஐஐஐ’ (IIII) கிடந்தா அது டூப்ளிகேட், வாங்காதீங்க எண்டு வாவிக்கரை நேத்து எழுதியிருக்கார். ரோமாபுரியின்ட பழைய கொலோசிய அரங்கத்தில 44ஆம் வாசலுக்கு ‘எக்ஸ்எல்ஐஐஐஐ’ (XLIIII) எண்டுதான் வெட்டியிருக்கு. அதுவும் டூப்ளிகேட்டோ அண்ணன்?

வாவிக்கரை: கல்லில ஆரும் எதையும் வெட்டுவான். ஒரே எழுத்து மூண்டு தரத்துக்கு மேல வராது. நாலு ஐ பிழை.

கல்முனை நானா: அந்தக் கட்டு விதி பிறகு வந்தது. முகத்தை எண்ணிப் பாருங்க. நாலு ஐ போட்டா முதல் நாலு மணிக்கும் வெறும் ஐ, அடுத்த நாலிலயும் வி, கடைசி நாலிலயும் எக்ஸ். மொத்தம் ஐ 20, வி 4, எக்ஸ் 4. ஐவி (IV) போட்டா ஐ 17, வி 5. அந்தப் பக்கம் எட்டு பாரமா நிக்க, இந்தப் பக்கம் நாலு நோஞ்சானா இருக்கும்.

வாவிக்கரை: லண்டன் பிக் பென் மணிக்கூட்டில 1859இல இருந்து ஐவிதான். பாரம் காணாம சரிஞ்சு போச்சோ?

பாலமீன்மடு: அப்ப ஒன்பதுக்கு ஏன் ‘விஐஐஐஐ’ போடல்ல நானா?

வாவிக்கரை: அப்பிடிக் கேளுகா! நாலு ஐ பிழை.

கல்முனை நானா: போட்டா நாலு-நாலு-நாலு குழம்பும், அதுதான். விதி பேசுற ஆள் விளையாட்டுக் கழகக் கல்லுக்கு 1999ஐ ‘எம்ஐஎம்’ (MIM) எண்டு எழுதிக் குடுத்தது மறந்து போச்சோ?

வாவிக்கரை: அது கல்வெட்டுக்காரன்ட வேலை. மறுகா அதை இழுக்காதீங்க.

பாலமீன்மடு: எம்ஐஎம் ஏன் பிழை?

கல்முனை நானா: ஐயை வி (5), எக்ஸ் (10) ரெண்டுக்கும் முன்னால மட்டும்தான் போட்டுக் கழிக்கலாம். எக்ஸை எல் (50), சியில (100). சியை டி (500), எம்மில (1000). வி, எல், டி கழிபடவே படாது. ஆயிரம், நூறு, பத்து, ஒண்டு எண்டு பிரிச்சு எழுதணும்: எம், சிஎம், எக்ஸ்சி, ஐஎக்ஸ் (MCMXCIX).

தமிழெண்: தமிழ் எண்ணில 1999 எண்டா ௲௯௱௯௰௯. கழித்தலே இல்லை. நம்மட எண் கிடக்க ரோமானியனுக்கு ஏன் அடிபடுறீங்க?

வாவிக்கரை: உங்கட வீட்டு மணிக்கூட்டில ௰௨ (12) கிடக்கோ? இல்லையெண்டா ஒதுங்குங்க. விதி பேச வந்தவர் மணிக்கூட்டுக்கு மட்டும் விதியை விட்டுட்டார், பாத்தீங்களா? நாலு ஐ பிழை.

கல்முனை நானா: 20, 4, 4. எண்ணிப்போட்டு வாங்க.

வாவிக்கரை: எண்ணுறது நீங்க. எழுதுறது ஐவி.