கொடி யாரை வரவேண்டாம் என்கிறது? பத்தாம் வகுப்பில் அணி இலக்கணம் தேவையா?

வைகைக்கரை அம்மா:
மகன் பத்தாம் வகுப்பு. நேற்று இரவு தற்குறிப்பேற்ற அணி படித்துக்கொண்டிருந்தான். “இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின் மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். மதுரைக் கோட்டைக் கொடியைப் பற்றிய சிலப்பதிகார எடுத்துக்காட்டையும் சொன்னான்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

“சரிடா, கொடி யாரை வரவேண்டாம் என்கிறது? ஏன்?” என்றேன். “அந்தப் பத்தியை இன்னும் மனப்பாடம் பண்ணலம்மா” என்கிறான். நாங்கள் இருப்பதே மதுரையில்! இப்படிப் படிக்க இந்த அணியெல்லாம் எதற்கு?

பழைய பெஞ்சுக்காரன்:
எடுத்துவிடலாம் என்பதே என் கட்சி. அலகிடுதல், அதாவது செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து வாய்பாடு சொல்வது, இருக்கட்டும். அது கணக்கு மாதிரி, ஒரு சுவாரசியம் உண்டு. முதல் குறளின் கடைசிச் சீர் ‘உலகு’, வாய்பாடு ‘பிறப்பு’. இருபது வருடம் ஆகியும் மறக்கவில்லை. ஆனால் அணிகளில் பெயர் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. தீவகம், நிரல்நிறை என்று சொல்வேன். பாட்டு ஒன்றும் வராது. அந்த நேரத்தில் பத்துக் குறுந்தொகைப் பாட்டு வாசிக்கச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். பெரும்பாலும் நாலு முதல் எட்டு வரிதானே.

சாக்பீஸ் தாத்தா:
தம்பி, அணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குறுந்தொகைக்குப் போகிறீர்கள். அங்கே ‘யாயும் ஞாயும்’ பாடியவரின் சொந்தப் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்றார். செம்புலப் பெயனீரார் என்று அந்த உவமையே அவர் பெயராகிவிட்டது. நற்றிணையில் ஒருவர், இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கிற தேய்ந்த பழங்கயிற்றைச் சொன்னார். அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். உவமைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மொழி இது.

முப்பது வருடம் இந்தக் குறளை நடத்தியிருக்கிறேன்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்

பீலி என்றால் மயிலிறகு, சாகாடு வண்டி, இறும் என்றால் முறியும். இந்த மூன்று சொல் தெரியாவிட்டால் குறளுக்குள் கால் வைக்க முடியாது. தெரிந்தபின், “மயிலிறகு ஏற்றி அச்சு முறியுமா?” என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அப்புறம் அதிகாரத் தலைப்பைப் பார்க்கச் சொல்வேன். வலியறிதல். வண்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, எளிய பகைவர்களும் பலராகச் சேர்ந்தால் வலியவன் கதி என்ன என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டார் வள்ளுவர். இதுதான் பிறிதுமொழிதல்.

பழைய பெஞ்சுக்காரன்:
ஐயா, நீங்களே பாருங்கள். பாடம் முழுக்க முடிந்தபிறகு கடைசி வரியில்தான் ‘பிறிதுமொழிதல்’ வருகிறது. அந்தச் சொல் இல்லாமலே எனக்குக் குறள் புரிந்துவிட்டது. தொல்காப்பியம் உவமைக்கு மட்டும்தானே தனி இயல் வைத்தது? பிறகு தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் வந்து பொருளணியை (பொருளால் அமையும் அணிகளை) 35 ஆக்கியது. அதன் சுமை பிள்ளைகள் தலையில். (பீலிபெய் சாகாடு!)

சாக்பீஸ் தாத்தா:
அடைப்புக்குறிக்குள் நீங்கள் செய்ததற்குப் பெயர் என்ன தம்பி? பிள்ளைகளையோ பாடத்தையோ சொல்லாமல் வண்டியை மட்டும் சொன்னீர்கள். பெயர் உங்களுக்குத் தெரியும், அதனால்தான் வசதியாக எடுத்து வீசினீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வரையறையை முதலில் கரும்பலகையில் எழுதிப் போடுவது தப்பு. நானும் ஆரம்பத்தில் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

கல்லூரி முதலாண்டு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு அந்தக் கொடிப் பாட்டை நடத்தியபோது மிஸ் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். தெருவில் தேர்தல் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. “வா என்கிறதா, வராதே என்கிறதா?” என்றார். பாதிப்பேர் வா என்றோம். கொடி சும்மாதான் ஆடுகிறது, கோவலனுக்கு மதுரையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்தான் அதில் ‘வராதே’யைப் பார்க்கிறார் என்றார். அணியின் பெயரை அன்றைக்குச் சொன்னாரா என்று நினைவில்லை. ஆனால் விரிவானம் என்ற துணைப்பாடப் பகுதியின் கதைகளுக்கு இந்தக் கொடுப்பினைகூட இல்லை. நோட்ஸில் இருந்த சுருக்கத்தோடு சரி.

பழைய பெஞ்சுக்காரன்:
அந்த மிஸ் எல்லாப் பள்ளியிலும் இருந்தால் நான் கட்சி மாறுகிறேன். இல்லாத இடத்தில் பிள்ளைக்கு மிஞ்சுவது நோட்ஸ்தான். அதனால் இப்போதும் எடுத்துவிடலாம் என்றே சொல்வேன்.

வைகைக்கரை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை தேர்வு. அந்தப் பத்தியையும் மனப்பாடம் பண்ணிவிட்டான், இப்போது எழுதிப் பார்க்கிறான். கோவலன் கதையைச் சனிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.