கன்னக்கோல் கேட்டுப் பட்டறைக்குப் போனால்...

1880களில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நடக்கிற நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மண்டிக்காரர் வீட்டில் கன்னம் வைப்பதில்தான், அதாவது சுவரில் ஓட்டை போட்டுத் திருடுவதில்தான் கதையே ஆரம்பம். இதை யாரிடம் போய்க் கேட்பது? குகைப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில், "அண்ணா, கன்னக்கோல் எப்படி இருக்கும், தெரியுமா?" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்றார். கதை எழுதத்தான் என்று சொன்னதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. டீ சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். கடப்பாரைக்குத் தம்பி மாதிரிதானாம், இடுப்பில் செருகுகிற நீளம், ஒரு முனை கூர்.

உருப்படியான விஷயம் கிடைத்தது பழைய வீடுகளை இடிக்கிற ஒரு கொத்தனாரிடம். பாதி இடித்த வீட்டின் முன்சுவரில் நகத்தால் கீறிக் காட்டினார், சுண்ணாம்புக் காரை, நகம் வெள்ளையானதோடு சரி. பின்கட்டுச் சுவர் செங்கல்தான் என்றாலும் நடுவில் இருந்தது மண்சாந்து, விரல் பட்டதுமே பொலபொலவென்று கொட்டியது. "காரைச் சுவருக்கு ஒரு ராத்திரி பத்தாதுங்க, திருடன் இங்கதான் கை வைப்பான்" என்றார். ஓட்டை போட்டதும் தலையை நுழைக்க மாட்டானாம். உள்ளே யாராவது அரிவாளோடு நின்றால்? அதனால் கரிச்சட்டியைக் கம்பில் மாட்டி முதலில் உள்ளே நீட்டுவானாம், அவர் தாத்தா சொன்னதாம். சட்டி உடைந்தால் ஓட்டம்தான்.

இன்னொன்று. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-ஆம் பிரிவைப் படியுங்கள். வீடு புகுதலுக்கு அது தருகிற முதல் உதாரணமே சுவரில் ஓட்டை போட்டுக் கையை உள்ளே விடுவதுதான். கதவுத் துவாரம் வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துக் கதவைத் திறப்பது எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. எனக்கு இரண்டு அத்தியாயத்துக்குத் தீனி கிடைத்தது.

*

அருமை. நான் சரித்திரக் கதைகளுக்குப் பிழை பார்த்துக் கொடுக்கிறவன், திருட்டுக் காட்சி வந்தாலே எனக்குப் பயம். 1880-ல் திருடன் சிவகாசித் தீப்பெட்டியை உரசுவான், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதே 1920களில். கூரை ஓட்டைப் பிரித்து இறங்குகிறான் என்றால் என்ன ஓடு என்று யோசியுங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது 1865-ல், அதற்கு முந்தைய கதையில் நாட்டு ஓடுதான் இருக்க முடியும்.

அப்புறம் அந்தக் காலப் போலீஸ் புத்தகங்கள். தகவல் கொட்டிக் கிடக்கும், ஆனால் ஒரு சாதி முழுவதையுமே திருடர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். அதை அப்படியே நாவலில் இறக்காதீர்கள். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-லேயே வந்தாலும் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911-ல்தான். உங்கள் 1880 ஆளை அதன் கீழ் ஸ்டேஷனில் கைநாட்டு வைக்க விட்டால் காலமும் தப்பு, அந்தச் சாதிக்காரர்கள் பட்ட பாட்டுக்கு நாமும் ஒரு கை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

*

நான் ஏற்காடு. எங்கள் தாத்தா காபித் தோட்டத்து பங்களா ஒன்றில் ராக்காவல். அது கருங்கல் சுவர், கன்னக்கோலுக்கு அங்கே வேலையே இல்லை என்பார். அவர் கண் முழுக்க சமையல்கட்டுக் கதவு மேலும் கண்ணாடி ஜன்னல் மேலும்தான். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, நாய் குரைப்பதை வைத்துத்தான் திசை பிடிப்பாராம். உங்கள் திருடன் மலை ஏறுகிறானா? ஏறினால் சொல்லுங்க, தாத்தா சொன்னது இன்னும் நிறைய இருக்கிறது.