‘ஸ்டேஷனர்’: எழுதுபொருள் வணிகர் என்பது பொருந்தவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

புத்தக வணிக வரலாற்றுச் சொற்பட்டியலில் ‘ஸ்டேஷனர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘எழுதுபொருள் வணிகர்’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். 1557இல் லண்டன் எழுதுபொருள் வணிகர் சங்கம் அரசுப் பட்டயம் பெற்று அச்சுத் தொழிலையே தன் கைக்குள் கொண்டுவந்தது என்று எழுதிப் பாருங்கள். தாளும் மையும் விற்றவர்களுக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது என்று படிப்பவர் திகைத்துப்போவார்.

லத்தீனில் ‘ஸ்டாட்டியோ’ என்றால் நிற்குமிடம். ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டவர் ‘ஸ்டாட்டியோனாரியஸ்’. 13ஆம் நூற்றாண்டில் பொலோனா, பாரிஸ் பல்கலைக்கழகங்களை ஒட்டி இவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பாடநூலின் திருத்தமான மூலப்படியைக் கட்டடம் (பைண்டிங்) செய்யாமல், பெரும்பாலும் நான்கு நான்கு தாளாகப் பிரித்து, துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார்கள். ஒருவர் மூன்றாம் துண்டைப் படியெடுக்கும்போது இன்னொருவர் ஏழாம் துண்டை எடுத்துப்போகலாம். படியெடுத்தவர்கள், துண்டு மாறும் இடத்தில் அதன் எண்ணைத் தங்கள் படியின் ஓரத்தில் குறித்தார்கள். அந்த எண்களை இன்றும் சில கையெழுத்துப்படிகளில் காணலாம். வாடகையை நிர்ணயித்தது பல்கலைக்கழகம். மூலப்படியில் பிழை இருந்தால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். பிழைப்புக்குச் செய்த வியாபாரம், ஆனால் பாடம் சுத்தமாக இருப்பதும் அவர் பொறுப்பு. நாம் ஆக்கும் சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

லண்டன் சங்கத்தில் அச்சிடுபவர், கட்டடம் செய்பவர், விற்பவர் எல்லோரும் இருந்தார்கள். சங்கப் பதிவேட்டில் நூலைத் தன் பெயரில் பதிந்துகொண்ட உறுப்பினருக்கே அதை அச்சிடும் உரிமை. எழுதியவரை உரிமையாளராகச் சட்டம் ஏற்றது 1710இல்தான். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுதியின் கடைசிப் பக்கத்தில், அது நால்வர் செலவில் அச்சானதாகக் குறிப்பு இருக்கிறது: ஜகார்ட், பிளவுன்ட், ஸ்மெத்விக், ஆஸ்ப்லி. ஜகார்ட் அச்சகம் வைத்திருந்தவர், மற்றவர்கள் புத்தகக் கடைக்காரர்கள். நால்வருக்கும் அன்று ஒரே சொல் போதுமாக இருந்தது. ‘பதிப்பாளர்’ என்றால் கடை விட்டுப்போகிறது, ‘விற்பனையாளர்’ என்றால் முதலீடும் உரிமையும் விட்டுப்போகின்றன.

‘நூல் வணிகர்’ என்று யோசித்தேன். பஞ்சு நூல் வியாபாரிதான் கண்முன் வருகிறார். ‘ஏட்டுச்சாத்து’ அழகாக இருந்தாலும் சாத்து என்பது கூட்டமாக வழிநடந்து போகும் வணிகரைக் குறிப்பது. ஓரிடத்தில் நிலைத்தவருக்கு நேர் எதிர். என் பரிந்துரை ‘ஏட்டங்காடியர்’. ஏடு கையெழுத்துக்கும் அச்சுக்கும் பொது. அங்காடி, நிலைத்த கடை.

*

ஐயா, எழுதுபொருள் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நாளேடு, வார ஏடு என்று பழகிவிட்ட காதுக்கு ‘ஏட்டங்காடி’ பத்திரிகைக் கடையாக ஒலிக்காதா? ‘புத்தகக் கடையர்’ என்றால் எளிதாகப் புரியுமே.

*

அம்மா, பத்திரிகை நினைவு வரும் என்பது நியாயமான தடை. அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ‘கடையர்’ வேண்டாம். கடைப்பட்டவர், இழிந்தவர் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தொழிலின் முன்னோடிகளை அப்படி அழைக்க மனம் ஒப்பவில்லை. உங்கள் ‘புத்தக’த்தையும் என் ‘அங்காடி’யையும் சேர்த்துப் ‘புத்தக அங்காடியர்’ என்று வைத்துக்கொள்ளலாமா? கையால் எழுதியதையும் புத்தகம் என்றே சொல்கிறோம், அதனால் பொருள் குறையாது. ஒரு சொல் இரு சொல்லாவது மட்டும்தான் இழப்பு. 1710க்குப் பிந்திய கட்டுரைகளில், வேலை பிரிந்துவிட்ட இடங்களில், பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் என்று தனித்தனியாகவே எழுதலாம். இன்று தாளும் பேனாவும் விற்கும் கடைக்குப் பழையபடி எழுதுபொருள் கடை என்பதே இருக்கட்டும்.

பதிவை இப்படித் திருத்தியிருக்கிறேன்: “புத்தக அங்காடியர்: நிலைத்த கடை வைத்து, புத்தகங்களைப் படியெடுக்க வாடகைக்கு விட்டோ, முதலிட்டு அச்சிட்டோ, கட்டடம் செய்தோ விற்றவர்.” மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் ஒரு பத்தியில் பயன்படுத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.