கிராம சபை, சமூகத் தணிக்கை, பகுதி சபை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மணலியிலிருந்து:

என் வீடு இடையஞ்சாவடிப் பக்கம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும் வரை எங்களுடையது தனி ஊராட்சி. சின்ன வயதில் அம்மாவோடு கிராம சபைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். பிற்பாடு ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மீஞ்சூர் ஒன்றியத்தில் இரண்டு ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். மக்களே முன்னின்று நடத்தும் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று மதிப்பிடும் வேலை.

முதல் வாரம் எங்கே கேட்டாலும் ஒரே பதில். தண்ணீர்? "நல்லாத்தாம்மா இருக்கு." தெருவிளக்கு? அதே பதில். ஒரு பாட்டி மட்டும் திருப்பிக் கேட்டார்: "குறை சொன்னா என் நூறு நாள் வேலை அட்டையை நிறுத்திடுவீங்களா?" எனக்குச் சுருக்கென்றது. கையில் தாளும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் போனால் அவர்கள் கண்ணுக்கு நான் ஆபீஸ் ஆள்தானே.

மறுநாள் படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன். கோயில் வாசலில் பெண்கள் கோலப்பொடியால் ஊரை வரைந்தார்கள். தண்ணீர் வரும் குழாய்க்குப் புளியங்கொட்டை, வராத குழாய்க்குக் கல். கற்கள் எல்லாம் காலனிப் பக்கமே போய்ச் சேர்ந்தன. முந்தின நாள் எல்லாம் நல்லா இருக்கு என்ற பாட்டிதான் அதில் மூன்றை வைத்தார்.

அப்புறம் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். 3,000 பேருக்கு மேல் 10,000 வரை உள்ள ஊரில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்துகள் 200-ஐத் தாண்டியிருந்தன. அதில் பாதி, நூறு நாள் வேலை நடந்த இடத்திலேயே வாங்கியது என்று பெண்கள் சொன்னார்கள். காலனிக் குழாய்த் தீர்மானமோ ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 மூன்று கூட்டத்திலும் எழுத்து மாறாமல் இருந்தது.

எங்கள் படிவத்தில் 'கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் முழு மதிப்பெண் விழுந்தது. 'போன கூட்டத்தில் கேட்டது என்ன ஆயிற்று' என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்று நினைக்கிறேன். சேர்க்கச் சொன்னேன், படிவம் அச்சாகிவிட்டது என்றார்கள். அறிக்கையில் இரண்டு ஊருமே 'நன்று'. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

திருவொற்றியூரிலிருந்து:

அக்கா, நான் திருவள்ளூர் மாவட்டத்தில் நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கைக்குப் போயிருக்கிறேன். 2005-ம் வருடச் சட்டத்தின் 17-ம் பிரிவு அந்தப் பொறுப்பைக் கிராம சபைக்குத்தான் கொடுத்திருந்தது. வேலை அட்டை, பாஸ்புக், வருகைப் பதிவேடு மூன்றையும் வீடு வீடாக ஒப்பிடுவோம். தூர்வாரிய குளத்தை டேப் பிடித்து அளப்போம். கடைசியில் எல்லாவற்றையும் கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஒரு ஊரில் அப்படிப் பெயர்களை வாசிக்கும்போது ஒரு அம்மா எழுந்தார். "அந்த வாரம் பொண்ணு பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில இருந்தேன். எனக்கு எப்படி ஆறு நாள் வருகை போட்டீங்க?" கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. வீட்டில் நாங்கள் கேட்டபோது இதே அம்மா வாயே திறக்கவில்லை. தன் பெயரை ஊருக்கு முன்னால் கேட்டதும் பேசிவிட்டார். அந்த ஆறு நாளையும் குறிப்பில் ஏற்றினோம்.

காசிமேட்டிலிருந்து:

நகரத்தில் எங்களுக்கு ரொம்ப நாள் இதுவும் இல்லை. 2016 கடைசியிலிருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம், தொடங்கியது 2022 நவம்பர் 1-ல். எங்கள் பக்கம் வந்தது அதற்கும் பிறகுதான். நான் போன கூட்டத்தில் மனு வாங்கினார்கள், டீ கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். தெருவில் சாக்கடை பொங்குவதை எழுதிக் கொடுத்தேன். மனு வாங்கியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

மணலி அக்கா எழுதியதைப் படித்த பிறகு எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். யார், எந்தத் தேதியில், என்ன கேட்டார்கள் என்று இடது பக்கம் எழுதுகிறோம். வலது பக்கம் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடுதான் போகிறோம்.